வேனில் ஏறி வந்த வேப்பிலை

எழுபதுகளின் நடுப்பகுதியில் நடந்தது இது. லுணுகலையிலிருந்து மேலே ஏறும் கல் ரோட்டில், பஸ் எட்டிப் பார்க்காத ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது வரிசை வீடுகள் ஒன்றில், நாங்கள் குடியிருந்தோம். நான் கொழுந்து பறித்தேன். என் வீட்டுக்காரருக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. எங்களுக்கு ஒரே மகள். அப்போது அவளுக்கு ஐந்து வயது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கங்காணியிலிருந்து கணக்கப்பிள்ளை வரை யாரிடமும் பதில் பேசாமல் இருந்ததில்லை. அப்படிப்பட்ட நான் வாயடைத்துப்போய் நின்ற ஒரே நாளைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

லயத்தில் மற்றப் பிள்ளைகளை நுளம்பு, அதாவது கொசு, கடித்தால் சொறிந்துவிட்டு விளையாடப் போய்விடுவார்கள். என் மகளைக் கடித்தால் அந்த இடம் பணியாரம் மாதிரி உப்பும். தெள்ளுப்பூச்சி கடித்தாலும் அப்படித்தான், சிவப்பெறும்பு கடித்தாலும் அப்படித்தான். சில நாள் அதோடு போய்விடும். சில நாள் கடித்த இடத்தை விட்டு முதுகு, வயிறு, தொடை என்று உடம்பெல்லாம் திட்டுத் திட்டாகச் சிவந்து தடிக்கும். அப்போது அவள் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தமும் கேட்கும். மற்றபடி அவளும் எல்லாத் தோட்டத்துப் பிள்ளைகளையும் போலத்தான் இருந்தாள். கை கால் குச்சி, வயிறு மட்டும் முன்னால் தள்ளியிருக்கும். எல்லாப் பிள்ளைகளுக்கும் வயிறு அப்படியே இருந்ததால் அதை யாரும் வியாதி என்று நினைக்கவில்லை.

எங்கள் லயத்தின் கடைசிக் காம்பராவில், அதாவது கடைசி அறையில், ஒரு பெரியம்மா இருந்தார். எங்களுக்குச் சொந்தமில்லை, லயமே அவரைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடும். மாரியம்மன் கோயில் திருவிழாவில் தீச்சட்டி எடுப்பவர். அவர் பெற்ற இரண்டு பிள்ளைகளையும் ஒரே வாரத்தில் அம்மை கொண்டுபோய்விட்டது என்று சொல்வார்கள். அவர் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் எந்தப் பிள்ளையின் உடம்பில் சிவப்பாக ஒரு பொட்டு தெரிந்தாலும் முதலில் ஓடி வருவது அவர்தான்.

என் மகளுக்கு முதல் தடவை உடம்பு தடித்தபோது அவர் வந்து பார்த்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஆத்தா வந்திருக்கா. தண்ணி தெளிச்சு வாசல்ல வேப்பிலைய கட்டு. சட்டியில ஒண்ணும் தாளிக்காத" என்றார்.

எங்கள் மலையில் வேம்பு சரியாக வளராது. பிபிலைப் பக்கம், வெயில் காய்கிற ஊர்களிலிருந்துதான் வரவேண்டும். யாராவது அந்தப் பக்கம் போகிறார்கள் என்று தெரிந்தால் பெரியம்மா சொல்லி அனுப்பி, ஒரு கொத்து வாங்கி ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருப்பார். அந்தக் கொத்திலிருந்து ஒரு கிளையை உருவி எங்கள் வாசல் நிலையில் அவரே கட்டினார். வேப்பிலை தொங்குகிற வீட்டுக்கு வெளியாள் வரக்கூடாது. வீட்டிலிருந்து பிள்ளை வெளியே போகக்கூடாது. ஆஸ்பத்திரி மருந்து எதுவும் கொடுக்கக்கூடாது. அம்மா தானாக வந்திருக்கிறாள், தானாகப் போவாள், நடுவில் மனிதர் புகுந்தால் கோபித்துக்கொள்வாள். எங்கள் எல்லோருக்கும் அது பிறந்ததிலிருந்து தெரிந்த சட்டம். வாயாடியான நானும் அதற்கு எதிராக ஒரு வார்த்தை பேசியதில்லை.

இரண்டு மூன்று நாளில் தடிப்பெல்லாம் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது. ஒரு கொப்புளம் இல்லை, ஒரு தழும்பு இல்லை. பெரியம்மாவுக்குப் பூரிப்பு தாங்கவில்லை. உன் மகள் மேல் ஆத்தாவுக்குத் தனிப் பிரியம், முத்துப் போடாமலே தொட்டுவிட்டுப் போகிறாள் என்று லயம் முழுவதும் சொல்லிவிட்டார். மழை விட்டு நுளம்பும் தெள்ளும் பெருகும் காலங்களில் இந்தப் பிரியம் அடிக்கடி வந்தது. வாசலில் வேப்பிலையும் அடிக்கடி ஏறியது.

இதனால் என் மகளுக்கு ஊரில் ஒரு பெயர். மேட்டு லயத்தில் ஒருவருடைய ஆடு காணாமல் போனபோது, ஆத்தா தொட்ட பிள்ளை வாயால் ஒரு குறி கேட்கலாம் என்று வெற்றிலையோடு வந்து நின்றார்கள். அவள் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பசிக்குது" என்றாள். வந்தவர்கள் அதற்கு என்ன அர்த்தம் என்று பேசிக்கொண்டே போனார்கள். ஆடு இரண்டு நாள் கழித்துத் தானாகத் திரும்பி வந்தது. அதற்கு நன்றி சொல்ல ஒரு சீப்பு வாழைப்பழமும் வந்தது. அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பு இன்னும் நினைவிருக்கிறது.

இங்கே இன்னொரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். வருஷத்தில் இரண்டு தடவை தோட்டத்தில் பூச்சி மருந்து கொடுப்பார்கள். வயிற்றில் இருக்கும் பூச்சிகளை வெளியே தள்ளுவதற்கான மருந்து. தோட்டத்து மருந்துக்கார ஐயா போத்தலையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு லயம் லயமாக வருவார். இஸ்தோப்பில், அதுதான் காம்பராவுக்கு முன்னாலுள்ள தாழ்வாரத்தில், பிள்ளைகளை வரிசையாக நிறுத்துவோம். மூக்கைப் பிடித்து வாயைத் திறக்க வைத்து ஊற்றுவார். மறுநாள் லயத்துக்குப் பின்பக்கம் ஒரே கூத்தாக இருக்கும். யாருக்கு அதிகம் வந்தது என்று பிள்ளைகள் பரிசு வாங்கியவர்கள் மாதிரி பெருமை பேசிக்கொள்வார்கள்.

அந்த மருந்து வருவதும் மழை விட்ட பிறகுதான். என் மகளுக்கு உடம்பு தடிப்பதும் மழை விட்ட பிறகுதான். அதனால் மருந்துக்கார ஐயா எங்கள் காம்பராவுக்கு வரும்போதெல்லாம் நிலையில் வேப்பிலை தொங்கும். அவர் கானைத் தாண்டமாட்டார். கான் என்பது லயத்தின் முன்னால் ஓடும் தண்ணீர் வடிகால். அந்தப் பக்கமே நின்றுகொண்டு, "அம்மா இருக்காங்களா?" என்று கேட்பார்.

"ஆமாங்கய்யா."

"சரி, அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்று அடுத்த காம்பராவுக்குப் போய்விடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. அம்மா இருக்கிற வீட்டில் மருந்துப் போத்தலோடு நுழைந்தால் லயத்துப் பெண்கள் அவரை என்ன செய்திருப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். நானும் அவரைக் கூப்பிட்டதில்லை. அந்த அடுத்த தடவை வரவே இல்லை என்பதை யாரும் கவனிக்கவுமில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. வீட்டுக்காரர் பங்கீட்டு அரிசி வாங்க லுணுகலைக்கு இறங்கிப் போயிருந்தார். நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். லயத்துக்குப் பின்னால் ஒரு கொய்யா மரம் உண்டு. பிள்ளைகள் எப்போதும் அதன் அடியில்தான் கிடப்பார்கள். அங்கிருந்து என் மகள் காதைப் பொத்திக்கொண்டு அழுதபடி ஓடி வந்தாள். "காது எரியுதும்மா" என்றாள். நான் ஈரக் கையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டு, விளையாட்டில் யாரோ அடித்துவிட்டார்கள் என்று நினைத்து, போய்ப் படுத்துக்கொள் என்றேன்.

கொஞ்ச நேரத்தில் பார்த்தால் அவள் உடம்பு முழுவதும் சிவந்திருந்தது. இதுவரை பார்த்த மாதிரி இல்லை. திட்டுக்கும் திட்டுக்கும் நடுவில் இடமே இல்லை. இமை இரண்டும் வீங்கிக் கண்ணை மூடிவிட்டன. உதடு தடித்துப்போயிருந்தது. என் சத்தம் கேட்டுப் பெரியம்மா வந்தார், வேப்பிலையோடுதான் வந்தார். நிலையில் கட்டினார். மஞ்சள் தண்ணீர் தெளித்தார். பிள்ளையின் தலைமாட்டில் உட்கார்ந்து, "தாயே, சின்ன உடம்பும்மா, தாங்காதும்மா" என்று மன்றாடத் தொடங்கினார்.

பூனைக்குட்டிச் சத்தம் வந்தது. பிறகு அது விசில் மாதிரி நீண்டது. ஒவ்வொரு மூச்சுக்கும் அவளுடைய கழுத்துக்குழி உள்ளே போய் வந்தது. நான் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு இஸ்தோப்புக்கு வந்தேன். பெரியம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"வாசப்படி தாண்டாத புள்ள. ஆத்தா கோவத்துல இருக்கா. நான் ஒருக்கா தாண்டுனேன். நான் தாண்டுனேன் புள்ள" என்றார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. எந்தப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, எந்த வாசலைத் தாண்டினார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

வெளியே கொண்டுபோனால் ஆத்தா கோபித்துக்கொண்டு பிள்ளையை எடுத்துவிடுவாள். உள்ளே வைத்திருந்தால் மூச்சு நின்றுவிடும். இந்த இரண்டு பயத்துக்கும் நடுவில் நான் மரமாக நின்றேன். ஊருக்கெல்லாம் பதில் வைத்திருந்த எனக்கு அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை. மகளுடைய உதடு நீலமாகத் தொடங்கியிருந்தது.

அப்போதுதான் கானுக்கு அந்தப் பக்கம் ஒருவர் வந்து நின்றார். பதுளை பஜாரிலிருந்து வேனில் துணி கொண்டுவந்து தோட்டம் தோட்டமாக விற்கும் முஸ்லிம் வியாபாரி. துணிக்கார நானா, அதாவது துணிக்கார அண்ணன், என்று எல்லோரும் கூப்பிடுவோம். அவர் 'இருக்கு' என்பதை 'ஈக்கி' என்றும், அக்காவை 'ராத்தா' என்றும் சொல்வார். எங்கள் பெண்கள் அதைச் சொல்லிக் காட்டிச் சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார். அதற்கு மேல் அவரை எனக்குத் தெரியாது. ஒரு சீத்தைத் துணி கூட நான் அவரிடம் வாங்கியதில்லை.

வேப்பிலை தொங்கும் வீட்டுக்கு முன்னால் அவர் ஒருநாளும் நிற்கமாட்டார், தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவார். அன்றைக்கு நின்றுவிட்டார். தோளிலிருந்த மூட்டையைக் கீழே வைத்தார்.

"தங்கச்சி, இந்தப் புள்ளட மூச்சு எனக்குக் கேக்குது. எங்கட ராத்தாட மகனுக்கும் இப்படித்தான். இது ஆஸ்பத்திரி மூச்சு. வேன் கீழ ஈக்கி. வாங்க" என்றார்.

நான் பெரியம்மாவைப் பார்த்தேன். பெரியம்மா வேப்பிலையைப் பார்த்தார். "ஆத்தா இருக்கையில பிள்ளைய எப்படிப் பிரிச்சுக் கொண்டு போறது?" என்றார். வேறு யாராவது இருந்திருந்தால் இந்த இடத்தில் சத்தம் போட்டிருப்பார்கள். பைத்தியக்காரத்தனம் என்று சொல்லியிருப்பார்கள். சொல்லியிருந்தால் நானே பெரியம்மா பக்கம் போய் நின்றிருப்பேன்.

நானா மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

"ஏன் பிரிக்கணும்? அம்மாவையும் கூட்டிக்கிட்டுப் போவோம். அந்தக் கொப்பைக் கழட்டி வேன்ல கட்டுங்க பெரியம்மா. நான் தொடக் கூடாது, நீங்களே கட்டுங்க. புள்ள எங்க போகுதோ அங்க அம்மாவும் வரட்டும்."

பெரியம்மா அவரைக் கண்ணிமைக்காமல் பார்த்தார். பிறகு திரும்பி, நிலையிலிருந்த முடிச்சை அவிழ்த்தார். முடிச்சு இறுகியிருந்ததால் அவிழ்வதற்கு நேரமானது. எனக்கு அது ஒரு யுகமாக இருந்தது. வேப்பிலையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, கோயிலில் கரகம் வருவது போல அவர் முன்னால் நடந்தார். பிள்ளையோடு நான் பின்னால் ஓடினேன். லயமே வெளியே வந்து பார்த்தது. ஒருவரும் எங்களை மறிக்கவில்லை. ஆத்தாவே முன்னால் போகும்போது யார் மறிப்பார்கள்?

வேனுக்குள் டிரைவரின் தலைக்கு மேலே இருக்கும் கண்ணாடியில் வேப்பிலையைப் பெரியம்மாவே கட்டினார். பெரியம்மா முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். ஆத்தாவைத் தனியாக அனுப்ப முடியாதாம். பின்னால் துணி மூட்டைகளில் சாய்ந்தபடி, பிள்ளையை நிமிர்த்தி மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்தேன். நானா வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டே ஓட்டினார். பெரியம்மா கையைக் கூப்பி ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தார். எனக்கு எந்தச் சாமி பெயரும் வாயில் வரவில்லை. அவளுடைய மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒன்று வந்தால் அடுத்தது வருமா என்று காத்திருந்தேன்.

லுணுகலையில் இருந்த சின்ன ஆஸ்பத்திரியில் உடனே ஒரு ஊசி போட்டார்கள். மூச்சு கொஞ்சம் சீரானது. ஆனாலும் பதுளைக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்றார்கள். அரிசிக் கியூவில் நின்ற என் வீட்டுக்காரரை நானாவே போய்க் கூட்டி வந்தார். வெறும் பையோடு அவரும் ஏறிக்கொண்டார். பசறை வழியாக அத்தனை வளைவிலும் அந்த வேப்பிலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கொண்டே வந்தது. பதுளை ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது என் மகள் கண்ணை லேசாகத் திறந்து, "வேன்லயாம்மா வந்தோம்?" என்று கேட்டாள். அவள் அதுவரை வேனில் ஏறியதே இல்லை. அந்தக் கேள்விக்குத்தான் நான் முதன்முதலாக அழுதேன்.

மறுநாள் காலையில் வார்டுக்கு ஒரு டாக்டரம்மா வந்தார். சிங்களப் பெண்மணி, தமிழ் கொஞ்சம் நின்று நின்று வரும். மகளின் காதை மடக்கி எங்களைக் கிட்டே வரச் சொன்னார். காதுக்குப் பின்னால், முடிக்குள்ளே, சின்னதாக ஒரு கறுப்புப் புள்ளி. குளவி கொட்டிய இடம். கொய்யா மரத்தில் குளவிக் கூடு இருந்ததைப் பிறகு போய்ப் பார்த்தோம். "அம்மை இல்லை. குளவி" என்றார். பெரியம்மா அந்தப் புள்ளியைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

இரத்தமும் மலமும் எடுத்துப் பரிசோதித்துவிட்டு டாக்டரம்மா மறுபடி வந்தார். வயிறு நிறையப் பூச்சி என்றார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. இனி அழுக்குப் பிடித்தவர்கள், பிள்ளை வளர்க்கத் தெரியாதவர்கள் என்று ஆரம்பிப்பார் என்று என் வாயைத் தீட்டி வைத்துக்கொண்டேன். அவரோ, "உங்க லயத்துல கக்கூஸ் எத்தனை இருக்கு?" என்று கேட்டார். லயம் முழுவதுக்கும் இரண்டு, அதில் ஒன்றுக்குக் கதவு இல்லை என்றேன். அவர் தலையை ஆட்டினார். பிறகு, "இது உங்க பிழை இல்லை" என்றார். தீட்டி வைத்திருந்த வார்த்தையெல்லாம் வீணாகிவிட்டது.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். வயிற்றில் பூச்சி கூடிவிட்டால் உடம்பு அதை எதிர்த்து ராத்திரி பகலாகச் சண்டைக்கு நிற்குமாம். அப்படி முறுக்கேறி நிற்கிற உடம்புக்கு ஆள் அடையாளம் தெரிவதில்லை. நுளம்பு கடித்தாலும் குளவி கொட்டினாலும், உள்ளே இருக்கிற அதே எதிரிதான் வந்துவிட்டான் என்று மொத்தமாகப் பாய்கிறது. தடிப்பும் இளைப்பும் அந்தப் பாய்ச்சலில் வருவதாக இருக்கலாம் என்றார்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "லயத்துல எல்லாப் புள்ளைங்களுக்கும்தானே பூச்சி இருக்கு? எம் புள்ளைக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று கேட்டேன்.

அவர் என்னை நேராகப் பார்த்தார். "அது எங்களுக்கும் சரியாத் தெரியாது அம்மா. சில பேருக்குப் பூச்சி இருக்கும்போது இந்தத் தடிப்பு குறைவாக் கூட இருக்கு. உங்க பிள்ளைக்கு அதுக்கு நேர்மாறா இருக்கு. பூச்சியை எடுத்துட்டுப் பார்ப்போம்" என்றார். படித்த ஒருவர் தெரியாது என்று என்னிடம் சொன்னதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அதனாலோ என்னவோ, அவர் சொன்ன மற்றதையெல்லாம் நம்பினேன்.

"தோட்டத்துல பூச்சி மருந்து குடுக்கிறது இல்லையா?" என்று அடுத்துக் கேட்டார். கொடுப்பார்கள், ஆனால் எங்கள் வீட்டில் அப்போதெல்லாம் வேப்பிலை கட்டியிருக்கும் என்று சொல்லத் தொடங்கினேன். சொல்லிக்கொண்டு வரும்போதே நடுவில் நின்றுவிட்டேன். பூச்சியால் உடம்பு தடித்தது. தடித்ததால் வேப்பிலை ஏறியது. வேப்பிலை ஏறியதால் பூச்சி மருந்து கானுக்கு அந்தப் பக்கமே நின்றது. மருந்து வராததால் மறுபடி தடித்தது. செக்கு மாடு மாதிரி இத்தனை காலம் நாங்கள் சுற்றிய வட்டம், அந்தக் கட்டில் ஓரத்தில்தான் என் கண்ணுக்குத் தெரிந்தது.

எனக்கு முன்பே பெரியம்மாவுக்கு அது தெரிந்துவிட்டது. அவர் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப ஒவ்வொரு தடவையும் நாந்தான மருந்த மறிச்சேன்" என்றார். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஈரச் சாக்கில் சுற்றி அவர் வேப்பிலையைப் பத்திரப்படுத்தியதெல்லாம் யாருக்காக? தன் பிள்ளைகளுக்கு நடந்தது இன்னொரு பிள்ளைக்கு நடக்கக்கூடாது என்பதற்காகத்தானே. அவர்மேல் எனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. "நீங்க வேப்பிலைய கழட்டலைன்னா புள்ள இங்க வந்திருக்காது பெரியம்மா" என்று மட்டும் சொன்னேன்.

டாக்டரம்மாவும் அவரைத் திட்டவில்லை. வேப்பிலை நல்ல இலை, வாசலில் தொங்கட்டும், ஆனால் மருந்து வரும் நாளில் பிள்ளையை வெளியே கொண்டுவந்து நிறுத்துங்கள் என்றார். பிள்ளை மூச்சுக்குக் கஷ்டப்பட்டால் எதையும் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வரவேண்டும் என்பதை மட்டும் என்னைத் திருப்பிச் சொல்ல வைத்தார்.

மருந்து கொடுத்து, பூச்சியெல்லாம் வெளியேறி, சில நாளில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். வாசலில் துணிக்கார நானா வேனோடு நின்றார். கண்ணாடியில் அதே வேப்பிலை. காய்ந்து, பாதி இலை உதிர்ந்திருந்தது. அதை அவர் கழற்றாமலே பதுளை பஜாரெல்லாம் சுற்றியிருக்கிறார். கடைத்தெருவில் ஆட்கள் கேலி செய்யவில்லையா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். செய்தார்கள் என்று சிரித்தார். பெரியம்மா தயங்கித் தயங்கி, ஆத்தா கோபமாக இருந்திருப்பாளா என்று அவரிடமே கேட்டார், அவர் ஏதோ கோயில் பூசாரி மாதிரி.

"கோவமா? வழியெல்லாம் ஆடிக்கிட்டேதானே வந்தாங்க" என்றார் நானா.

அதற்குப் பிறகு அவர் தோட்டத்துக்கு வந்தால் எங்கள் லயத்தில் ஒருவரும் விலை பேசுவதில்லை. அவர் சொன்ன விலைக்கே எடுத்தார்கள். எங்களுக்குத் தெரிந்த மரியாதை அதுதான். கடைசியில் அவரே சங்கடப்பட்டு, யாரும் கேட்காமலே குறைத்துச் சொல்லத் தொடங்கினார்.

அடுத்த மழை விட்டது. என் மகளுக்கு நுளம்பு கடித்துக் கொஞ்சம் தடித்தது, முன்பு அளவுக்கு இல்லை. பழக்கத்தில் வாசலில் வேப்பிலையும் ஏறியது. மருந்துக்கார ஐயா போத்தலோடு வந்தார். வழக்கம்போலக் கானுக்கு அந்தப் பக்கம் நின்று, "அம்மா இருக்காங்களா?" என்றார்.

பெரியம்மா தன் காம்பராவிலிருந்து விறுவிறு என்று வந்தார். "இருக்கா. அதனாலதான் இங்க மொதல்ல ஊத்தணும். ஆத்தா வந்த வீட்டுப் புள்ளைக்கு மொத மரியாத" என்றார். ஐயா திகைத்து நின்றார். பெரியம்மா அவருடைய கையைப் பிடித்துக் கானைத் தாண்ட வைத்தார். வேப்பிலைக்குக் கீழே நின்று என் மகள் மூக்கைச் சுளித்துக்கொண்டு மருந்தைக் குடித்தாள். அன்றிலிருந்து எங்கள் தோட்டத்தில் பூச்சி மருந்து முதலில் வேப்பிலை கட்டிய வீட்டில்தான் ஊற்றப்படும் என்று ஒரு வழக்கமே வந்துவிட்டது. ஏன் என்று பின்னால் வந்தவர்களுக்குத் தெரியாது.

மகளுக்குத் தடிப்பு ஒரேயடியாக நின்றுவிட்டது என்று சொல்லமாட்டேன். வரவரக் குறைந்தது. இளைப்பு இரண்டு வருஷத்துக்குள் நின்றுபோனது. குளவி என்றால் இன்றும் அவள் பத்தடி தள்ளித்தான் நிற்பாள். பூச்சிதான் முழுக் காரணமா என்று டாக்டரம்மாவுக்கே நிச்சயமில்லாததை நான் நிச்சயமாகச் சொல்ல முடியாது. பெரியம்மா காலமாகிவிட்டார். நானா சில வருஷங்களுக்குப் பிறகு வருவது நின்றது. பதுளை பஜாரில் போய் விசாரித்தேன், வேறு ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள். பெயர் என்ன என்று கடைக்காரர் திருப்பிக் கேட்டார். அத்தனை வருஷமும் துணிக்கார நானா என்றே கூப்பிட்டிருக்கிறோம். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

என் மகளுக்கு இப்போது பேரப்பிள்ளை இருக்கிறது. அது ஓடி விளையாடி மூச்சு வாங்கும்போதெல்லாம், கானுக்கு அந்தப் பக்கம் நின்று, எங்கள் சாமியையும் சேர்த்து வேனில் ஏற்றிக்கொண்ட அந்த மனிதரை நினைத்துக்கொள்கிறேன். ஆத்தாவை விட்டுவிட்டு வா என்று அவர் சொல்லியிருந்தால், நான் அந்த வாசற்படியைத் தாண்டியிருக்கவே மாட்டேன்.